லோரன்ஸின் முன் பிரேக்

லோரன்ஸின் வலது பாதம் 1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலிருந்து எதையும் அழுத்துவதில்லை. அந்த மாதம் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பட்டி ஒன்று முதலில் அவனுடைய காற்சட்டையையும் பிறகு காலையும் பிடித்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்திவிட்டார்கள். நரம்பு பொருந்தவில்லை. கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பாதம் செருப்புக்குள் வைத்தபடி இருக்கும், அவ்வளவுதான்.

நான் அப்போது அந்தத் தோட்டத்து மருந்தறையில் உதவியாளராக இருந்தேன். ஐந்து மாதம் அந்தக் காலைக் கழுவிக் கட்டினேன், மடக்கி நீட்டினேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சந்தோஷமாகச் சொல்வான். வலிக்காமல் இருப்பது நல்ல செய்தி அல்ல என்று அவனுக்குப் புரியவைக்க மூன்று வாரம் ஆனது. பிறகு நான் கண்டிக்குப் போய் நோயாளர் பராமரிப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டு, ரத்தோட்டையில் குடியேறி, படுக்கையில் கிடப்பவர்களை வீடுகளுக்குப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். லோரன்ஸ் நடக்கத் தொடங்கினான். இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் போய்விட்டோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தோட்டம் ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் பாதையில், மேலே, பாதி நாள் மேக மப்புக்குள் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டாம். லோரன்ஸ் பிறந்தது அங்கேதான், மூன்றாம் நம்பர் லயத்து வரிசை வீடு ஒன்றில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டான். பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குள் போனான். கால் போன பிறகு தொழிற்சாலையில் இடமில்லை, மலையில் புல்வெட்டவும் முடியாது. அவனுக்கு ஏற்ற வேலையாக அந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. தோட்டத்துக் கடிதப் பையைக் காலையில் ரத்தோட்டைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய், வந்த கடிதங்களோடு மத்தியானம் திரும்பக் கொண்டுவருகிற வேலை. அதைத் தப்பால் என்பார்கள். செய்கிறவனையும் தப்பால் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தப்பாலுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். லோரன்ஸின் மச்சான் ஒரு பழைய ஜப்பான் நூற்றிருபத்தைந்தை அவனிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனார். மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலது காலுக்குக் கீழே இருக்கிறது. உதைத்துக் கிளப்பும் மிதியும் அதே பக்கம்தான். லோரன்ஸ் வண்டிக்கு வலப்பக்கமாக இறங்கி நின்று, இடது காலால் உதைத்துக் கிளப்பப் பழகிக்கொண்டான். பின் பிரேக்குக்கு ஒரு வழியும் செய்ய முடியவில்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் வலது கைக்குக் கிடைக்கும் முன் பிரேக் ஒன்றுதான். அது டிஸ்க் பிரேக். பிடியை அழுத்தினால், ஹாண்டிலில் உள்ள சின்னப் பெட்டியிலிருந்து குழாய் வழியாக ஒயில் தள்ளிக்கொண்டு போய்ச் சக்கரத்தின் தட்டைக் கவ்வும். விட்டால் ஒயில் திரும்பி வந்து கவ்வலும் விடும். அந்த ஒரு பிரேக்கோடு ஏழு வருடம் அந்த மலையில் ஏறி இறங்கினான். தோட்டத்தில் எல்லோருக்கும் இது தெரியும். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரைக்கு மட்டும் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

2007 செப்டெம்பரில் லோரன்ஸ் முதல் தடவை விழுந்தான். காலை ஆறரைக்கு இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்திருக்கிறான், பிடித்துவிட்டது. விட்டிருக்கிறான், அது விடவில்லை. சக்கரம் நின்றது, லோரன்ஸ் நிற்கவில்லை. எழுந்து பார்த்தால் சக்கரம் ஆணி அடித்ததுபோல் இறுகியிருந்ததாம். கல்லில் உட்கார்ந்து வெயில் வரும்வரை காத்திருந்தான். வெயில் ஏறியதும் சக்கரம் தானாகச் சுற்றியது.

மாத்தளையில் லாபிர் என்பவரிடம் கொண்டுபோனான். லாபிர் அனுபவமுள்ள மெக்கானிக். கடையைச் சுற்றி இரண்டு வட்டம் ஓட்டிப் பார்த்தார். ஒயில் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் ஒயில் நிறைய இருந்தது.

"கல்லு மாதிரி நிக்குது. ஒண்டுமில்ல தம்பி."

"மேல போனாத்தாங்க புடிக்குது."

"அப்ப மேல போகாதீங்க."

அக்டோபரில் மறுபடியும் போனான். நவம்பரில் மறுபடியும். ஒவ்வொரு முறையும் மத்தியான வெயிலில், ஒவ்வொரு முறையும் வண்டிக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை லாபிர் அவனுக்கு இஞ்சித் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தாராம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் லோரன்ஸ் இரண்டாம் தடவை விழுந்தான். இம்முறை கடிதப் பையும் விழுந்தது, பாதையோரக் கான் தண்ணீருக்குள். அதில் துரை கொழும்புக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை துரை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற எல்லோருக்கும் முன்னால், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"திங்கக்கெழம காலம்பற ஆறு மணி. ஃபெக்டரி எறக்கம். நான் கை காட்டுற எடத்துல பைக் நிக்கணும். நிக்கல்லன்னா தப்பால் கிறிஸ்தோபருக்கு."

கிறிஸ்தோபர் எதிர்லயத்துக்காரன். இரண்டு காலும் நன்றாக இருந்தன, வண்டியும் புதிது. அவன் லோரன்ஸைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

தப்பால் போனால் லோரன்ஸுக்குத் தோட்டத்தில் வேறு வேலை இல்லை. அவன் தாய் சவரியம்மா வேலையை விட்டு ஓய்வெடுத்து நான்கு வருடம். மனைவி மரிய கொறற்றி குவைத்தில். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். தோட்டத்தில் பேர் பதிவில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு லயத்துக் காம்பரா எத்தனை நாளைக்கு என்று கேள்வி வரும். இதையெல்லாம் புதன்கிழமை என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னான். அழவில்லை. அவன் அழுகிற ஆள் அல்ல, நானும் ஆறுதல் சொல்கிற ஆள் அல்ல.

"ஒயில் கடைசியா எப்ப ஊத்தின?" என்று கேட்டேன்.

"ஊத்தவே இல்ல பெரியம்மா. அந்தோனியார் புண்ணியம், கொறையவே இல்ல."

"எத்தன வருஷமா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

நான் பார்த்த நோயாளிகளிடம், யாரும் ஊற்றாமல் குறையாமலே இருந்த போத்தல் ஒன்றையும் கண்டதில்லை. நோய் காலையில் வருகிறது என்றால் காலையில்தான் பார்க்க வேண்டும். என்னுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு அன்று பின்னேர பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன்.

வியாழக்கிழமை விடிய லோரன்ஸின் வீட்டில் எழுந்தபோது மூக்கு மரத்திருந்தது. குசினியில் சவரியம்மா பெரிய பேத்திக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். தேங்காயெண்ணெய்ப் போத்தல் அடுப்போரத்தில் சாம்பலுக்குள் நின்றது.

"இதென்ன, எண்ணெயச் சாம்பலுக்குள்ள வச்சிருக்க?"

"ஒறைஞ்சு போச்சு மதலேனா. விடியக் குளிர்ல இப்பிடித்தான், மெழுகுதிரி மாதிரி ஆயிரும். உருக்காம எப்பிடித் தேய்க்கிறது?"

நான் போத்தலைப் பார்த்தேன். பிறகு வெளியே போய் லோரன்ஸை எழுப்பி, ஒயில் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொன்னேன். நான்கு புரியாணிகள். மூடியும் ரப்பரும் வந்தன. உள்ளே ஒயில் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, கெட்டியாக, சுண்டுவிரல் உயரத்துக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. பீடத்தில் எரிந்து வழிந்த மெழுகு மாதிரி. விரலால் தொட்டேன், கரைந்தது. மோந்தேன். தேங்காயெண்ணெய். கூடவே சாம்பிராணி வாசம்.

லோரன்ஸும் குனிந்து மோந்தான். பிறகு இருவரும் ஒன்றாகக் குசினிப் பக்கம் திரும்பினோம்.

சவரியம்மா சீப்போடு வாசலில் நின்றாள். "நான்தான் ஊத்தினேன். அதுக்கென்ன இப்ப?"

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஜூன் மாதம் வஹகோட்டைத் திருவிழாவுக்குப் போனால் சவரியம்மா ஒரு போத்தல் எண்ணெயைக் கொண்டுபோய், மந்திரித்துக் கொண்டுவந்து சுரூபத்துக்குப் பின்னால் வைப்பாள். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு ஜெபம் சொல்லி முடிந்ததும், வீட்டில் எதுவெல்லாம் ஓடுகிறதோ நடக்கிறதோ அதற்கெல்லாம் ஒரு சொட்டு. தையல் மெஷினுக்கு, கதவுக் கீலுக்கு, பிள்ளைகளின் நெஞ்சுக்கு, மாட்டின் கொம்புக்கு. அந்த வருடத் திருவிழா முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, வண்டியின் ஹாண்டிலில் பூசப் போனவள் ஒயில் பெட்டிக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள்.

"அடியில ஒரு கோடுதான் இருந்துச்சு. வத்திப் போயிருந்துச்சு. இவன்கிட்டச் சொன்னா, திரும்பிக்கூடப் பாக்காம, பாப்போம் பாப்போம்ங்கிறான். எண்ணெய் தானே கேக்குது? நெறைச்சி விட்டேன். அதுல இருந்து செவ்வாய்க்கு செவ்வாய் கொறைஞ்சதுக்கு ஊத்தி வாறேன்."

"மூடிய எப்பிடிம்மா கழட்டின?" என்றான் லோரன்ஸ்.

"தையல் மெஷின் திருப்புளியால."

விஷயம் விளங்கிவிட்டது. பெட்டிக்கு அடியில் ஊசித்துளை அளவில் ஒரு துவாரம் இருக்கிறது, ஒயில் அதன் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். குளிரில் எண்ணெய் உறைந்து துவாரத்தை அடைத்திருக்கிறது. போன ஒயில் திரும்ப வழியில்லை, சக்கரத்தைப் பிடித்த பிடி விடவில்லை. வெயில் வந்தால் உருகும். மாத்தளைக்கு இறங்கினால் நன்றாகவே உருகும். லாபிர் மேல் குற்றமில்லை. அவருடைய கடைக்கு அந்த நோய் வந்ததே இல்லை.

"அந்தோனியார் எண்ணெய் இருந்ததாலத்தான் இவன் இவ்வளவு நாளா விழாம இருக்கான்," என்றாள் சவரியம்மா.

"விழுந்தான். ரெண்டு தடவ."

"செத்தானா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

நான் பெட்டியை மூடினேன். எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

வண்டியை லாபிரிடம் கொண்டுபோகச் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். பிடித்தால் விடாத பிரேக்கோடு, பின் பிரேக் மிதிக்க முடியாத ஒருவனை அந்த இறக்கத்தில் இன்னொரு தடவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் நானே போனேன். லாபிர் கதையைக் கேட்டு, கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார்.

"தேங்காயெண்ணெயா? ஏன் மிஸ், பிரேக்கப் பொரிக்கப் போறீங்களா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விளக்கினார். உள்ளே இருக்கும் ரப்பர்கள் பிரேக் ஒயிலுக்கென்று செய்தவை. மற்ற எண்ணெய் பட்டால் ஊதிவிடும். மேலே ஒரு செட், கீழே சக்கரத்தருகே ஒரு செட், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். குழாயில் உள்ள பழையதை முழுக்கத் தள்ளி வெளியேற்றிப் புதிய ஒயில் விட வேண்டும். விடும்போது உள்ளே போகும் காற்றை எடுக்க வேண்டும். காற்று ஒரு குமிழி இருந்தாலும் பிடி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

"நீங்க ஒருக்கா மேல வந்து செஞ்சு தர முடியாதா?"

"நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள் மிஸ். உம்மா வீட்டுக்கு எல்லாரும் வாராங்க. திங்கக்கெழமைக்குப் பொறகு எண்டா வாறேன்."

"திங்கக்கெழமைக்குப் பொறகு தேவையில்ல."

அவர் என் பெட்டியைப் பார்த்தார். உள்ளே ஐம்பது மில்லி சிரிஞ்சும் சேலைன் குழாயும் இருந்தன. "ஊசி போடத் தெரிஞ்ச கைக்கு இது பெரிய வேலயில்ல," என்று சொல்லி, ஒரு மட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் படம் வரைந்தார். மேலே ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், கீழே ஒரு உருளை, அதிலிருந்து இன்னொரு குழாய், அது ஒரு போத்தலுக்குள். பக்கத்தில் ஒன்று முதல் நான்கு வரை இலக்கம் போட்டுத் தமிழில் எழுதினார். நல்ல தெளிவான படம். ரப்பர்களோடும் இரண்டு டின் ஒயிலோடும் படத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரத்தோட்டைக்கு முன்னால் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். இது வழக்கம். என் பெட்டியைத் திறந்த சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். சிரிஞ்சை எடுத்தான். குழாயை எடுத்தான். நான் நோயாளர்களைப் பார்க்கிறவள் என்று சிங்களத்தில் சொன்னேன், தலையாட்டினான். ரப்பர் வளையங்களை எடுத்தான். டின்களை எடுத்துக் குலுக்கினான்.

"நோயாளி யாரு?"

"மோட்டார் சைக்கிள்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு லாபிரின் படத்தை எடுத்தான். தமிழ் எழுத்து, இலக்கங்கள், உருளை, குழாய், போத்தல். அவன் கையில் அதைப் பார்த்தபோதுதான் அது குண்டு செய்யும் படம் மாதிரி இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருடத்தில் ஒரு தமிழ்ப் பொம்பிளையின் பெட்டியில் இருக்கக்கூடாத படங்களில் அது முதலாவது. பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள், என்னை அனுப்பவில்லை.

உள்ளே ஒரு பெரியவர் இருந்தார். சார்ஜன்டாக இருக்க வேண்டும். படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். ஒரு டின்னைத் திறந்து மோந்தார். அடையாள அட்டையைப் பார்த்தார், என் வயதைக் கணக்குப் போட்டார். நான் வெளியே நின்ற அவர்களுடைய மோட்டார் சைக்கிளைக் காட்டினேன்.

"ஐயா, அதையும் இந்தப் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

பார்த்தார். பெட்டி, குழாய், சக்கரத்தருகே உருளை. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பிடியை அழுத்தினார். அது ஹாண்டில் வரை போய் ஒட்டியது.

"உங்களுக்கும் காத்து இருக்கு," என்றேன்.

அவர் படத்தின் இலக்கங்களைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கம் கேட்டார். சொன்னேன். சிப்பாய் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். மற்றச் சாமானையெல்லாம் திருப்பித் தந்தார்கள், தேத்தண்ணியும் தந்தார்கள். படத்தை மட்டும் தரவில்லை. அவர்களுக்கு வேண்டுமாம். நான் வற்புறுத்தவில்லை.

எனவே சனிக்கிழமை காலை படம் இல்லாமல் தொடங்கினோம். லயத்து வாசலில் சாக்கு விரித்தோம். உறைந்த எண்ணெயை ஸ்பூனால் வழித்தெடுத்தேன், மிச்சத்தை சிரிஞ்சால் உறிஞ்சினேன். லோரன்ஸ் சக்கரத்தருகே இருந்த உருளையையும் மேலே இருந்த உருளையையும் கழற்றினான். உள்ளே இருந்த வளையக் கிளிப்புக்கு ஆயுதம் இல்லாததால் இரண்டு ஆணிகளை வளைத்துக் கழற்றினான். கால் போனபோது தொழிற்சாலை இழந்தது நல்ல கையை. ரப்பர்கள் ஊறின கொண்டைக்கடலை மாதிரி இருந்தன. புதியதைப் பக்கத்தில் வைத்தபோது சவரியம்மா குனிந்து இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் கழுவினேன். மண்ணெண்ணெய் கொண்டுவந்து நீட்டிய அயல்வீட்டு வேலம்மாவைத் திருப்பி அனுப்பினேன்.

லோரன்ஸ் புதிய ரப்பர்களைப் போட்டுப் பூட்டினான். இனி ஒயில் விட வேண்டும். கீழே சக்கரத்தருகே உள்ள நிப்பிளில் சேலைன் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புதிய ஒயில் விட்ட போத்தலுக்குள் முக்கினேன். முனை ஒயிலுக்குள் முங்கியிருந்தால் காற்று திரும்பி ஏறாது. பிடி லோரன்ஸுக்கு. நிப்பிளும் சாவியும் எனக்கு. மேலே பெட்டியில் ஒயில் குறையாமல் ஊற்றுகிற வேலையை சவரியம்மாவுக்குக் கொடுத்தேன். ஊற்றுவதில் அவளுக்கு ஆறு மாத அனுபவம் இருந்தது.

"புடி."

"புடிச்சிட்டேன்."

நிப்பிளைத் திறந்தேன். குழாயில் பிளேன்டீ நிறத்தில் ஒயிலும் வெள்ளைத் துணுக்குகளும் வந்தன.

"விடு."

விட்டான். வந்த ஒயில் அப்படியே திரும்பி ஏறியது, நிப்பிளின் புரிவழியே காற்றையும் இழுத்துக்கொண்டு. குழாயில் குமிழிகள் வரிசையாக நின்றன. சேலைன் குழாயில் இப்படி ஒன்றைப் பார்த்தால் நான் உடனே குழாயை நெரித்துப் பிடித்துவிடுவேன். அப்போதுதான் படத்தின் மூன்றாம் இலக்கம் நினைவுக்கு வந்தது. அவன் பிடியை விடுவதற்கு முன்னால் நான் நிப்பிளை மூட வேண்டும்.

"திரும்ப. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விடாத."

"கை வலிச்சாலும்?"

"கை வலிக்குதுன்னா நல்ல செய்தி."

பிடி, திற, மூடு, விடு. இருபது தடவை போலச் செய்தோம். நிறம் வெளுக்கத் தொடங்கியது. அந்த நேரம் வேலம்மா வேலிக்கு அப்பால் நின்று, இந்தம்மா ஆஸ்பத்திரிச் சாமானையெல்லாம் பைக்குக்குள்ள விடுதே, அது பிழைக்குமா என்று கேட்டாள். சவரியம்மா அதற்குப் பதில் சொல்லத் திரும்பினாள். பதில் நீளமாக இருந்தது. குழாயில் திடீரென்று முழுக்கக் காற்று வந்தது. பெட்டி காலி.

"ஊத்தச் சொன்னா எங்கடி பாக்குற?"

"ஆறு மாசம் ஊத்துனதுக்கு ஏசுன. இப்ப ஊத்தாததுக்கு ஏசுற. நீயே ஒரு முடிவுக்கு வா."

முதல் டின் அதோடு முடிந்தது. சோதனைச்சாவடியில் திறந்து ஈரக்காற்று பட்ட டின் அதுதான் என்பதால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. இரண்டாவது டின்னைத் திறந்து முதலிலிருந்து தொடங்கினோம். மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயில் வந்தது தெளிவாக வந்தது, குமிழி இல்லாமல். லோரன்ஸ் பிடியை அழுத்தினான். பாதியில் கல்லு மாதிரி நின்றது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். பிடித்தால் நின்றது, விட்டால் சுற்றியது. போத்தலில் இருந்த பழைய ஒயிலை, யாரும் எடுத்து எதற்காவது உபயோகிக்காதபடி, குழி தோண்டிப் புதைக்க வைத்தேன். சிந்தின ஒயில் பட்ட இடத்தில் பெற்றோல் தாங்கியின் பெயின்ட் ஒரு காசளவு உரிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவ ஒரு நிமிடம் பிந்திவிட்டேன். அது என் பிழை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நல்ல மப்பு. சவரியம்மாவின் எண்ணெய்ப் போத்தல் கட்டியாக உறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் தொழிற்சாலைக்குப் போனேன். உறைந்திருந்தது. சோதனைக்கு ஏற்ற காலைதான்.

பெரட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இறக்கத்தின் இரு பக்கமும் நின்றார்கள். கிறிஸ்தோபர் தன் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தான். துரை இறக்கத்தின் பாதியில், பாதையின் நடுவிலேயே நின்றார். பக்கத்தில் நிற்கலாமே என்று கணக்கப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். துரை அசையவில்லை.

லோரன்ஸ் வண்டிக்கு வலப்பக்கம் நின்று இடது காலால் உதைத்துக் கிளப்பினான். ஏறி உட்கார்ந்து, வலது காலைக் கையால் தூக்கி மிதிமேல் வைத்துக்கொண்டான். இறங்கி வந்தான். துரை கையைத் தூக்கினார். வண்டி நின்றது. துரையின் சப்பாத்துக்கும் டயருக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

"திரும்ப."

திரும்ப மேலே போய் இறங்கினான். நின்றான். விட்டுவிட்டு உருட்டினான், சக்கரம் உருண்டது. மூன்றாம் தடவையும் நின்றான். துரை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். லோரன்ஸின் வலது பாதத்துக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்தார்.

"பின் பிரேக் புடிச்சியா?"

இருநூறு பேர் நின்ற இடத்தில் தொழிற்சாலைச் சத்தம் மட்டும் கேட்டது. கிறிஸ்தோபருக்கும் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் மறுபடியும் வானத்தைப் பார்த்தான்.

"முன் பிரேக்கே போதும் சார்," என்றான் லோரன்ஸ்.

துரை பாதத்திலிருந்து கண்ணை எடுத்தார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "பையை எடு. கிறிஸ்மஸ் கடுதாசி நெறைய இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போனார்.

ஒரு பிரேக்கோடு மலையில் ஓடுவது சரியா என்று என்னைக் கேட்டால் சரியில்லை என்றுதான் சொல்வேன், அவனிடமும் சொன்னேன். அவன் கேட்கவில்லை. ஆகவே இருக்கிற ஒன்றையாவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் அவன் பையோடு திரும்பி வந்ததும், ஒயில் பெட்டியின் மூடிக்கு மேல், நான்கு புரியாணிகளும் மூடும்படி ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டித் திகதி எழுதினேன். பையில் மரிய கொறற்றியின் கடிதம் ஒன்றும் இருந்தது. அவன் அதைப் படித்துக்கொண்டிருந்தான். சவரியம்மா போத்தலோடு வந்து நின்றாள்.

"அப்ப எதுக்குத்தான் பூசறது?"

"பெட்டிக்குள்ள வேணாம். சக்கரத்துத் தட்டுல வேணவே வேணாம்."

"டயருக்கு?"

"டயருக்கும் வேணாம்."

"ஹோர்னுக்கு?"

"ஹோர்னுக்குப் பூசு."

தப்பால் இன்றைக்கும் லோரன்ஸ்தான். ஒவ்வொரு டிசம்பரும் நான் போய்ப் பழைய பிளாஸ்டரைக் கிழித்து, ஒயில் மாற்றி, புதிய பிளாஸ்டர் ஒட்டுகிறேன். போன டிசம்பரில் பார்த்தபோது பிளாஸ்டர் ஒட்டியபடியே இருந்தது. அதன்மேல் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. ஹோர்ன் கொஞ்ச நாளாக அடிப்பதில்லையாம்.